லேடீஸ் பெட்டியின் பாட்டுப் புத்தகம்

முதன்முதலில் நான் பணம் கட்டியது ஒரு பறைக் குழுவின் பாட்டுத் தொகுப்புக்கு. கட்டியதுகூடக் கோபத்தில்தான்.

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு பெங்களூருக்குப் போகும் எங்கள் வண்டி, அன்று பங்காருப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிட்டது. பெங்களூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே பக்கத்து மேசையில் இருக்கும் பெண் போனில் ஒரு இணைப்பை அனுப்பியிருந்தாள். "பாட்டை ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடியே காசு கேக்கறாங்க மேடம், பாருங்க" என்று கீழே எழுதியிருந்தாள். இது மோசடி, ஏமாறாதே என்று அவளுக்கு ஒரு பாட்டம் திட்டி எழுதுவதற்காகத்தான் அதைத் திறந்தேன். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சிற்றூரைச் சேர்ந்த நாலு பேர் வீடியோவில் பறையோடு நின்றார்கள். மாதிரிக்கு ஒரு நிமிடம் வாசித்துக் காட்டினார்கள். நின்றுபோன லேடீஸ் பெட்டிக்குள் அந்த அடி விழுந்ததும், எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னொரு வாட்டி போடு மே" என்றாள் ஒருத்தி. மூன்று முறை போட்டேன். வண்டி நகர்வதற்குள் முந்நூறு ரூபாய் கட்டியிருந்தேன்.

விஷயம் இதுதான், கிரவுட் ஃபண்டிங் என்று இதற்குப் பெயர். பாட்டோ புத்தகமோ செய்ய நினைப்பவர்கள், செய்வதற்கு முன்பே இணையத்தில் வந்து சொல்கிறார்கள்: இன்னது செய்யப் போகிறோம், இவ்வளவு வேண்டும், இத்தனை நாள் கெடு. பிடித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். கெடுவுக்குள் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டால் வேலை நடக்கும். ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாப் பணமும் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அரைகுறைக்கு அங்கே இடம் கிடையாது.

அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் விளக்கினேன். அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டார்.

"இன்னா மே, பிச்சை எடுக்கறதுக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சிட்டாங்களா?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த நாள் இன்னொன்றுக்குக் கட்டினேன். அது உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஒரு படப்புத்தகம். எட்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. வழவழப்பான தாளில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், அவற்றுக்கு நடுவில் முக்காடு போட்ட பெண்கள். கடைசிப் பக்கத்தில் துணை நின்றவர்களின் பட்டியல் இருந்தது, அதில் என் பெயரும் இருந்தது. ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வெளியே என் பெயரை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தேன். அவர் குழம்புக் கையோடு குனிந்து படித்துவிட்டு, "சின்ன எழுத்தாப் போட்டுட்டாங்களே" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். வண்டியில் மற்றவர்கள் சீரியல் பார்க்கும்போது நான் யார் எங்கே என்ன புத்தகம் போடப்போகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். மலைக் கிராமத்துத் தாலாட்டுகளைப் பதிவு செய்யப்போகிறவர்கள், தெருநாய்களை மட்டுமே வரைந்து ஒரு புத்தகம் போடப்போகிற பையன், வீணையோடு கிதார் சேர்க்கப்போகிற இரண்டு பெண்கள். ஐம்பது ரூபாய் போட்டவருக்கும் நன்றி சொல்லி எழுதுவார்கள். தோற்றவர்களும் உண்டு. தொகை சேராமல் கெடு முடிந்த பக்கத்தைப் பார்ப்பது பாவமாக இருக்கும். முகம் தெரியாத ஆட்களுக்காக இரண்டு மூன்று முறை எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, வண்டியில் கிடைத்த சிநேகம், என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். சாம்பியன் ரீப்ஸில் ஏறி எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்காருவாள். அவளுக்கான இடத்தில் நான் முன்பே என் பையை வைத்திருப்பேன். பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணி ஆலையில் பேட்டர்ன் வெட்டும் வேலை அவளுக்கு. சட்டைக்கும் பேன்ட்டுக்கும் அளவு பார்த்துப் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்ட வேண்டும். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா விட்டுப்போன லைன் வீட்டில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது.

ஆலையில் வெட்டி மிஞ்சும் பழுப்புக் காகிதத் துண்டுகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். வண்டியில் அவற்றை மடியில் விரித்து, துணியில் குறி போடும் பென்சிலால் வரைவாள். எதிரே இருக்கிற எங்களைத்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள், அவரைக்காய் நார் உரிக்கிறவள், கண்ணாடி இல்லாமலே நேர்வகிடு எடுத்துப் பின்னிக்கொள்கிறவள், மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே இட்லி பிட்டுப் போடுகிறவள். ஒரு படத்தில் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யாரோடு என்று தெரியவில்லை, ஆனால் கழுத்து நரம்புகூடச் சரியாக இருந்தது. இருபது வருடத்துப் படங்கள் அவள் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. கூட வருகிற எங்கள் நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பெட்டியில் பஜனை உண்டு. சாமி பாட்டில்தான் ஆரம்பிக்கும். பங்காருப்பேட்டை தாண்டினால் மெட்டு மட்டும் சாமியுடையதாக இருக்கும், வார்த்தை எங்களுடையதாகிவிடும். லேட்டாக வரும் வண்டிக்கு ஒரு பாட்டு, சம்பளத்தைப் பிடிக்கிற சூப்பர்வைசருக்கு ஒன்று, மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்காருகிறவளுக்கு ஒன்று. இவற்றைக் கட்டுகிறவள் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்க்கிறாள். பெட்டியில் எல்லாரும் அவளைப் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். டிபன் பாக்ஸ் மூடியில் அவள் தாளம் போட்டால் அடுத்த பெட்டி ஆண்கள் வந்து வாசலில் நிற்பார்கள்.

படமும் பாட்டும் என் கண்ணெதிரே எத்தனையோ வருடமாக ஒரே பெட்டியில் போய்க்கொண்டிருந்தன. பிறத்தியார் புத்தகங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று. படத்துக்கு ஒரு பாட்டு என்று சேர்த்தால் புத்தகம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கட்டம் போட்ட ஸ்கேன் குறி. போனைக் காட்டினால் அந்தப் பாட்டு ஒலிக்கும்.

சொன்னதும் அக்கா காகிதத்தைச் சுருட்டிவிட்டாள்.

"இருவது வருஷமா யாருக்கும் காட்டாம வரையறேன் மே. நல்லா கீதுன்னு யாரும் சொல்லல. நல்லா இல்லன்னும் யாரும் சொல்லல. நிம்மதியா கீறேன். உட்டுடு."

நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை அவளைப் பிடிவாதமாக ஒரு பதிப்பகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகத்தான் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா தூங்கற லேடீஸை யாரும்மா காசு குடுத்து வாங்கிப் பாப்பாங்க?" என்றார். அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. ஆனாலும் படியிறங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் தெருவில் நின்றுகொண்டு வாயைக் கொடுத்துவிட்டேன். "நம்ம பெட்டி ஜனமே போதும்க்கா, நான் போட்டுக் காட்டறேன்" என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

பாட்டுகளை ஓடும் வண்டியிலேயே பதிவு செய்தோம். பெங்களூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னோம். வண்டிச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். கேட்டுப் பார்த்தால் ஏதோ சாவு வீட்டில் அடக்கி வாசித்ததுபோல் இருந்தது. "எடுத்ததெல்லாம் திரும்பப் போடச் சொல்லு. சாயா விக்கறவன் கொரலும் வேணும்" என்று பாட்டுக்காரி கட்டளையிட்டாள். போட்டுக் கொடுத்தார்கள்.

இணையத்தில் எங்கள் பக்கம் திறந்தது ஒரு சனிக்கிழமை. முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்கு முடிவு.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். எங்கள் ஜனங்களுக்கு இணைப்பை அனுப்பினால் திறக்க மாட்டார்கள், கையில் கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கார்டு அடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் தெரு முனையிலேயே ஒரு அச்சகம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எல்லாக் கார்டும் அங்கேதான். அவரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, நாளு நேரம் எடம் போடணுமே" என்றார். கெடு முடியும் தேதியைச் சொன்னேன், மாலை ஆறு மணிக்குள் என்றேன். இடத்துக்கு என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன், சந்தேகம் இருப்பவர்கள் வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று. ஸ்கேன் குறியை, வழக்கமாகச் சாமி படம் போடும் இடத்தில் போட்டார். கீழே "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று எப்போதும் இருக்கும் வரிகள் அப்படியே இருந்தன. பார்க்க லட்சணமாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். வண்டியிலும் லைன் லைனாகவும் போய், தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு வைத்துக் கொடுத்தோம். எல்லாரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா வந்துடறோம்" என்றார்கள்.

முதல் வாரம் வெளியூர்க்காரர்கள் போட்டார்கள். நான் முன்பு பணம் கட்டிய பறைக் குழுவினர் என்னைத் தேடிப்பிடித்துப் போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. பக்கத்தின் மேலே ஒரு கோடு உண்டு, பணம் சேரச் சேர அது நீளும். மூன்றில் ஒரு பங்கு வரை கிடுகிடுவென்று வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து ஒருவர்கூடப் போடவில்லை.

முதலில் பொறுமையாகக் கேட்டேன். "நாளு கீதே மே" என்றார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டேன். "வர்றோம்னு சொன்னோமில்ல" என்றார்கள். இருபதாம் நாள் கேட்டபோது ஒருத்தி என்னைக் கொஞ்சம் அருவருப்பாகவே பார்த்தாள். கூடப் பிறந்தவர்களைப்போல் பழகியவர்கள், கார்டை வாங்கும்போது கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள், ஐம்பது ரூபாய் போடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் போடுகிறார்கள், அக்காவின் படத்துக்குள்ளேயே இருப்பவர்கள் போடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டியிலேயே கத்திவிட்டேன். நம்ம ஊர் ஜனத்துக்கு வாய்தான் உண்டு, மானம் கிடையாது, பிறத்தியாருக்குக் கைதட்டத்தான் லாயக்கு என்று என்னென்னவோ சொன்னேன்.

பாட்டுக்காரி டிபன் பாக்ஸை மூடினாள். "கார்டு வச்சே. வாங்கினோம். வரலன்னா அப்பால கேளு. அதுக்குள்ள இன்னாத்துக்கு இந்த ஆட்டம் ஆடற?" என்றாள். அன்று பஜனை நடக்கவில்லை. என்னிடம் யாரும் பேசவும் இல்லை.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சண்டை எனக்குப் புதிதா என்ன? ஆனால் அக்கா வரைவதை நிறுத்திவிட்டிருந்தாள். காகிதத்தை எடுப்பாள், மடியில் விரிப்பாள், எதிரே இருப்பவர்களைப் பார்ப்பாள், திரும்பவும் சுருட்டிவிடுவாள். இருபத்தேழாம் நாள் இறங்கும்போது சொன்னாள்.

"தோத்தா தோத்துட்டுப் போவுது மே, அதுக்கு நான் அழுவல. ஆனா மின்ன இவங்க மூஞ்சப் பாத்தா கை தன்னால ஓடும். இப்பப் பாத்தா, என் படம் ஒரு நூறு ரூபாகூடப் பெறாதுன்னு நெனைக்கறவங்கன்னு தோணுது. இனிமே எப்பிடி வரையறது?"

 யார் கையும் படாமல் அவள் இருபது வருடம் வைத்திருந்த ஒன்றை, நான் என் வீறாப்புக்காகப் பிடுங்கிச் சந்தையில் வைத்துவிட்டேன். தொகை சேராவிட்டால் பணம் அவரவருக்குத் திரும்பிப் போய்விடும். அவள் கையை யார் திருப்பித் தருவது? 

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோடு மூன்றில் ஒரு பங்கிலேயே நின்றது. அக்கா பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தாள், அதுதான் தாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பூண்டு உரித்தோம். எதற்கு அவ்வளவு பூண்டு என்று தெரியாது.

மதியம் இரண்டு மணி இருக்கும். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால், சாம்பியன் ரீப்ஸில் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பென்ஷன்காரப் பெரியவர் நிற்கிறார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் அவர் மனைவி பட்டுப்புடவையில். கையில் நான் கொடுத்த கார்டும் ஒரு கவரும். கவரின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம்.

பெரியவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இன்னாம்மா, பந்தல் போடலியா? மொத ஆளா வந்துட்டமா?" என்றார்.

 அவர் கையிலிருந்த கார்டை வாங்கிப் படித்தேன். நாள், நேரம், இடம், சுற்றமும் நட்பும் சூழ. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாள் குறித்துத் தாம்பூலத்தோடு கார்டு வைத்துவிட்டு, அந்த நாளுக்கு முன்னாலேயே வீடு வீடாகப் போய் மொய்யைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் எந்த ஊரில் மொய் வைப்பார்கள்? கெடு என்பது எனக்குக் கடைசி நாள். அவர்களுக்கு அதுதான் விசேஷ நாள், அதுதான் முதல் நாளும்கூட. மானம் கெட்டுப் பேசியது நான்தான்.

பெரியவரை உட்காரவைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடத் திரும்புவதற்குள் தெருமுனையில் ஒரு கூட்டம் திரும்பியது. வண்டி ஜனம். வேலைக்குப் போகும்போது பார்த்த முகங்கள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலைநிறையக் கனகாம்பரம். பாட்டுக்காரி முன்னால் வந்தாள். அவளோடு அவள் வீட்டுக்காரரும் மகள்களும். நான் அவள் கையைப் பிடித்து, "தப்பாப் பேசிட்டேன்" என்றேன். "அத்த அப்பால பேசலாம். வரவேற்க ஆள் நிக்கலியா? நாற்காலி எங்க?" என்றாள்.

நாற்காலி இருக்கட்டும், பெரிய சிக்கல் வேறு இருந்தது. எல்லார் கையிலும் கவர். கவரில் இருக்கும் பணத்தால் அந்தக் கோடு ஒரு இம்மிகூட நகராது. ஒவ்வொருவர் பெயரிலும் இணையத்தில் கட்டினால்தான் கணக்கு. ஆறு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்கூட இல்லை. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது, மொட்டை மாடியில்தான் வரும். பாட்டுக்காரி உடனே ஷிப்ட் பிரித்தாள். ஆறு பேர் போனோடு மாடிக்கு. கீழே கவரை வாங்குகிறவர்கள் இரண்டு பேர். படிக்கட்டில் வரிசை. ஒரே போனில் மூன்று பேருக்கு மேல் போட்டால் அந்தப் பெங்களூர் இணையதளம் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. உடனே அடுத்த போன். ஓடிபி வந்ததும் மேலேயிருந்து கத்துவார்கள், கீழேயிருந்து யாருடையது என்று கேட்பார்கள்.

"பேரு சொல்லுங்க தாத்தா. புக்குல வர்ற மாதிரி."

"என் பேரு மட்டும் போட்டா எப்பிடி? ஊர் பேரும் லைன் நெம்பரும் போடு. இல்லன்னா யாருன்னு தெரியும்?"

எங்கள் ஊர் மொய் நோட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். பெயருக்கு விட்டிருந்த கட்டத்துக்குள், தாத்தா காலத்தில் விட்டு வந்த வட ஆற்காட்டுக் கிராமத்தின் பெயரும், லைனின் பெயரும், வீட்டு எண்ணும் நெருக்கியடித்து உட்கார்ந்தன. முந்நூறு போட நினைத்தவர் முந்நூற்றொன்று போட்டார். அந்தப் பெங்களூர்த் தளம் இப்படி ஒற்றை ரூபாய் ஒட்டிய தொகைகளை அதற்கு முன் பார்த்திருக்குமா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு என் கணவர் வந்தார். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பிச்சைக்கு இங்கிலீஷ் பெயரா என்று கேட்ட மனிதர், முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மொய் வாங்கறியே, சோறு எங்க மே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் இருந்தது இரண்டு பேர் உரித்த பூண்டு மட்டும்தான். இத்தனை பேரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். கடைத்தெரு பிரியாணிக்காரரிடம் அன்று சாயங்கால வியாபாரத்துக்கு அடுப்பில் ஏறியிருந்த தேக்சா அண்டா குஸ்காவை அப்படியே விலை பேசி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாழையிலை கிடைக்கவில்லை, பாக்குமட்டைத் தட்டு. தெருவிலேயே இரண்டு பெஞ்சு போட்டு அவரே நின்று பரிமாறினார். சாப்பிட்டவர் வைக்க, வைத்தவர் சாப்பிட, மாடிக்கும் தெருவுக்கும் ஜனம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

நாலரைக்குக் கோடு முக்கால் பங்கைத் தாண்டியது. ஐந்து மணிக்கு நெட்வொர்க் செத்துப்போனது. ஆறு போனும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டு நின்றன. நான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் அந்த நெட்வொர்க் கம்பெனியைத் திட்டினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால், கோலார் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவருடைய ஐந்நூற்றொன்று ஏறியதும், கோடு கடைசி வரை போய் முட்டிப் பச்சையாக மாறியது.

மாடியில் எழுந்த சத்தம் இந்தத் தெருவே கேட்டிராத சத்தம். பாட்டுக்காரி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அழுதேனா சிரித்தேனா, நினைவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. தூங்குகிற பெண்களை யார் வாங்குவார்கள் என்று கேட்டவர் அந்த நேரம் எங்கள் மொட்டை மாடியில் நின்றிருக்க வேண்டும்.

ஆனால் ஜனம் குறையவில்லை. பூதிகோட்டையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. துணி ஆலையில் அக்காவோடு வேலை பார்க்கும் பெண், அவளுடைய மாமியார், கொழுந்தனார்கள், ஒரு கூடைத் தக்காளியோடு. நான் வாசலுக்கு ஓடி, "சேந்துடுச்சும்மா, தொகை முழுசும் சேந்துடுச்சு. இதுக்கு மேல நீங்க செரமப்படாதீங்க" என்றேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாக்கா இப்பிடி சொல்றீங்க? எம் பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு அந்தக்கா வந்து மொய் வச்சிது. எங்க மச்சினர் கல்யாணத்துக்கு வச்சிது. எங்க மாமனார் காரியத்துக்கு மொத நாளே வந்து நின்னுச்சு. திருப்பி வைக்கலாம்னு பாத்தா அது வூட்ல ஒண்ணுமே நடக்கலியே. இத்தினி வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒரு நாள் கெடச்சிக்கீது. நீங்க வேணாம்னா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா, எங்க வூட்டுக்கும்" என்றார் ஒருவர். "எம் பையன் காதுகுத்துக்கு" என்றாள் இன்னொருத்தி. பென்ஷன்காரப் பெரியவர், "எங்க மூணு பொண்ணுங்களுக்கும்" என்று மூன்று விரலைக் காட்டினார். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் அக்கா போய் நிற்காத விசேஷ வீடு இல்லை. எனக்கே என் இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறாள். நான் அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அக்கா கூடத்துக் கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மதியத்திலிருந்தே அங்கேதான், கூட்டத்துக்கு முன்னால் வரக் கூசிக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகம் பூராவும் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் அழுவதை நான் பார்த்தது அன்றுதான். பாட்டுக்காரி தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டு, "வாசல்ல நில்லு மே. உன் விசேஷம்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

அக்கா வாசலுக்கு வந்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பூதிகோட்டைக்காரர்கள் நீட்டிய கவரை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு கூப்பிய கையோடு, எத்தனையோ வாசல்களில் மற்றவர்கள் அவளிடம் சொன்னதை அவள் முதன்முறையாகச் சொன்னாள்.

"வாங்க, வாங்க. எல்லாரும் இருந்து சாப்ட்டுதான் போவணும்."